நேற்றைய ரொட்டிக் கப்பல்

உலகத்தில் கஞ்சர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசிப் பேசி ஊருக்கே அலுத்துவிட்டது. ஊதாரிகள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி அவர்களுடைய வீட்டுக்காரிகளே வேண்டிய மட்டும் பேசிக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது இனம். இதற்குப் பெயர் இன்னும் யாரும் வைக்கவில்லை என்பதால் நானே வைக்கிறேன்: எடுத்துவைப்பவர்.

அவசரப்பட்டு அவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள், பொல்லாத கோபம் வரும். கஞ்சன் வாங்கவே மாட்டான். எடுத்துவைப்பவர் வாங்குவார், கடையில் இருப்பதிலேயே முதல் தரமாகப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குவார், வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார், நீங்கள் ஆசையாகக் கையை நீட்டினால் “தொடாதே!” என்பார், பிறகு அதன்மேல் துணி சுற்றி, துணிமேல் காகிதம் சுற்றி, காகிதத்தின்மேல் சணல் கட்டி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, விளிம்பு உடைந்த குவளையில் காப்பி குடிக்க உட்கார்ந்துவிடுவார். ஏன் ஐயா இப்படி என்று கேளுங்கள். ஒரே பதில்தான். “தேவைப்படும்.” எப்போது? அது அவருக்கும் தெரியாது.

நீங்கள் இந்த ஆளை வீட்டில் பார்த்திருப்பீர்கள், ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது ஒரு போர்க்கப்பலில். பார்த்ததோடு விட்டதா? வருஷக்கணக்கில் அவருக்குச் சமைத்தும் போட்டேன்.

பெரிய யுத்தம் முடிந்து, பழைய சாம்ராஜ்யம் பொலபொலவென்று உதிர்ந்து, எங்கள் எஸ்தோனியா தனிநாடாகி, ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு தபால்தலை, ஆளுக்கொரு கடற்படை என்று அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் குடித்தனம் தொடங்கியிருந்த காலம் அது. கடற்படை என்றதும் கண்ணை அகல விரிக்க வேண்டாம். தாலின் துறைமுகத்துக் கரையில் நின்றால் எங்கள் மொத்தப் படையும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்; மூடுபனி இறங்கினால் அதுவும் தெரியாது. எப்படியோ கப்பல் கிடைத்துவிட்டது. ஆள்தான் கிடைக்கவில்லை. கடல் தெரிந்த தீவுக்காரப் பையன்கள் கூடுதல் சம்பளம் தருகிற வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் ஏறிக்கொண்டார்கள். எங்களுக்கு வந்ததெல்லாம் கட்டாய சேவைக்குச் சீட்டு விழுந்து, உள்நாட்டிலிருந்து உருளைக்கிழங்கு வாசனையோடு வந்த பிள்ளைகள். கப்பலுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்லிக்கொடுத்து, அவனுக்குக் குமட்டல் நின்று, கயிற்றில் முடிச்சுப் போடக் கை பழகுகிற நேரத்தில் சேவைக்காலம் முடிந்து உருளைக்கிழங்கு தோண்ட ஊருக்குப் போய்விடுவான். அடுத்த வசந்தத்தில் அடுத்த குமட்டல் வந்து இறங்கும்.

எங்கள் கப்பலின் பெயர் லெய்கெர். ஹீயுமா தீவுப் பழங்கதையில் வருகிற ஒரு ராட்சசனின் பெயர். பெயரில் மட்டும்தான் ராட்சசன். அதன் கேப்டன் ரெயின்ஹோல்ட் வாரிக். நல்ல மனிதர்; இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோவேன். குடிக்க மாட்டார், கையை ஓங்க மாட்டார், மாலுமி எவனுக்காவது காய்ச்சல் என்றால் தன் போர்வையையே கொடுத்துவிடுவார். பழைய போர்வையை. புதுப் போர்வை பெட்டியில் இருந்தது.

அந்தப் பெட்டி அறையில் இன்னும் என்னென்ன இருந்தன என்று கேளுங்கள். கப்பலோடு வந்த புதுக் கொடி, அந்துருண்டை போட்டு மடித்தபடி இருந்தது. நாங்கள் ஏற்றிப் பறக்கவிட்டதோ நீலமும் கறுப்பும் வெள்ளையும் வெளுத்து ஒரே சாம்பல் நிறமாகி, ஓரமெல்லாம் நார் நாராகத் தொங்கிய ஒரு கந்தல். ஒருமுறை பின்லாந்துக் கப்பல் ஒன்று அதைப் பார்த்துவிட்டு “உதவி வேண்டுமா?” என்று சைகை காட்டிவிட்டுப் போனது. முதல் தரச் சணலில் முறுக்கிய தாம்புக்கயிறு, தார்ப்பாய் சுற்றி மூலையில் இருந்தது. கப்பலைக் கட்டியதோ ஆயிரம் ஒட்டுப் போட்ட கிழட்டுக் கயிறு. பொன் விளிம்பு வைத்த பீங்கான் கோப்பைகள் இருந்தன. வெள்ளைக் கையுறைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் காவலாகப் பெரிய பூட்டு ஒன்று இருந்தது. அதற்கே ஒரு புதுப் பூட்டு தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

இதெல்லாம் போகட்டும், என் வயிற்றெரிச்சல் ரொட்டியைப் பற்றியது. கரையிலிருந்து தினமும் காலையில் கறுப்பு ரொட்டி சுடச்சுட வரும். மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக, வாசனையே ஆளைத் தூக்கும். ஆனால் முதல் நாள் ரொட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கும் இல்லையா? கேப்டனின் உத்தரவு: நேற்றைய ரொட்டியை முடித்துவிட்டு இன்றைய ரொட்டியைத் தொடு. சரி என்று நேற்றையதைத் தின்போம். அதற்குள் இன்றையது நேற்றையதாகிவிடும். நாளைக் காலையில் சுடச்சுட இன்னொன்று வரும். அதைப் பார்த்துக்கொண்டே இதைக் கடிப்போம். இப்படியே வருஷக்கணக்கில் அந்தக் கப்பலில் எவனும் புது ரொட்டி தின்றதில்லை. புது ரொட்டி வராத நாளும் இல்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். “ஐயா, ஒரே ஒரு நாள் பழசைப் பன்னிக்குப் போட்டுடுவோம். அன்னையிலிருந்து தினமும் புதுசு தின்னலாமே?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “நல்ல ரொட்டியைப் பன்னிக்கா? உனக்கு மனசாட்சி இருக்கா?”

இருந்தது. பல்தான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் பொருள், பொருளோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் மனுஷனையும் எடுத்து வைத்தார்.

ஒரு வருஷம் புதுப் பையன்கள் வந்து துறைமுகத்தில் வரிசையாக நின்றார்கள். கேப்டன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் நின்றவன் ஃபெலிக்ஸ். தெற்கே வோரு பக்கத்துப் பைன் காட்டுக்காரன். நெட்டை, தொளதொளவென்று கை, கலவரமான கண்.

“கடல் பாத்திருக்கியா?” என்றார் கேப்டன்.

ஃபெலிக்ஸ் கேப்டனுக்குப் பின்னால் இருந்த தண்ணீரைத் தயக்கமாகக் காட்டினான். “இதுதானுங்களா ஐயா?”

“இவனை மேல்தளத்துல போடு. போனாலும் நஷ்டமில்ல.”

அடுத்து நின்றவன் பிரீது. ஹீயுமா தீவுக்காரன். அந்தத் தீவில் பிறந்தவர்களுக்குக் கேலி பேச்சு தாய்ப்பாலிலேயே கலந்திருக்கும்.

“படகு ஓட்டுவியா?”

“நடக்கிறதுக்கு முன்னாடியே ஓட்டினவன் ஐயா. நடக்கத்தான் இன்னும் சரியா வரல.”

வரிசை முழுக்கச் சிரித்தது. கேப்டன் சிரிக்கவில்லை. முதல் தரச் சணல் கயிற்றைத் தடவிப் பார்த்தபோது அவர் கண்ணில் வந்த அதே பளபளப்பு வந்தது. “இவனைப் பத்திரமா வை,” என்றார்.

பிரீதுவைக் கரையிலிருந்த டார்பிடோ கொட்டகையில் வைத்தார்கள். எங்கள் கப்பலிடம் உருப்படியான பயிற்சி டார்பிடோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெடிக்காது, தண்ணீருக்குள் சீறிக்கொண்டு போய் இலக்குக்கு அடியில் புகுந்து, கடைசியில் மிதக்கும், படகில் போய் இழுத்து வரலாம். குறி பார்த்துப் பழகுவதற்காகவே அரசாங்கம் வாங்கிக் கொடுத்தது. பழகினால் தேய்ந்துபோகுமே! அதனால் கேப்டன் அதே அளவில் மரத்தில் ஒன்று கடைந்து வாங்கி வைத்தார். பையன்களெல்லாம் மரக்கட்டையை நாலு பேராகத் தூக்கிக் குழாயில் நுழைத்து, “சுடு!” என்று கத்தி, வாயாலேயே “ஸ்ஸ்ஸ்” என்று சொல்லிவிட்டு, மறுபடி வெளியே உருவுவார்கள். நிஜ டார்பிடோவைப் பிரீது தினமும் துடைத்தான், எண்ணெய் போட்டான், ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டினான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அதைப் பிரித்துச் சேர்ப்பான். சுட மட்டும் விட்டதில்லை.

“ஐயா, ஒரு தடவை தண்ணியில விட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்பான்.

“நிஜத் தேவை வரும்போது விடலாம்.”

“நிஜத் தேவை வரும்போது இது ‘நான் எங்கே இருக்கேன்’னு கேக்கும் ஐயா. அது தண்ணியையே பாத்ததில்ல.”

“கிண்டல்காரப் பய,” என்று முதுகில் தட்டிக்கொடுப்பார் கேப்டன். நிஜமாகவே பாசம்தான். சொந்தப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்.

புயலா? “பிரீதுவைக் கூப்பிடாதே, நனைஞ்சுட்டா சளி பிடிக்கும், அந்த ஃபெலிக்ஸை அனுப்பு.” ஸ்டாக்ஹோமுக்கு நட்புப் பயணமா? “பிரீது இங்கேயே இருக்கட்டும், போற இடத்துல எவனாவது சரக்குக் கப்பல்காரன் கொத்திக்கிட்டுப் போயிடுவான்.” பதவி உயர்வுப் பள்ளிக்கு ஆள் கேட்கிறார்களா? “அடுத்த தடவை உனக்குத்தான், பொறு.” ஆக, வேலை தெரிந்தவன் கொட்டகையில் உலர்ந்துகொண்டிருந்தான், தெரியாதவன் அலையில் ஊறிக்கொண்டிருந்தான். குளிர்காலத்தில் துறைமுகம் உறைந்து கப்பல் ஆடாமல் நிற்கும்போதும் ஃபெலிக்ஸுக்குப் பழக்க தோஷத்தில் குமட்டும். அவனுக்கென்று தனி வாளியே வைத்திருந்தேன். ஓய்வு நேரத்தில் அவன் கொட்டகைக்குப் போய்ப் பிரீதுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். ஆடாத இடம் அது ஒன்றுதான். உட்கார்ந்தவனுக்குப் பிரீது டார்பிடோ பாடம் நடத்துவான். கேட்க வேறு ஆளும் இல்லை. இரண்டு பேரும் சேவைக்காலம் முடிந்தும் நீண்ட ஒப்பந்தத்தில் தங்கிவிட்டார்கள்: பிரீது அந்த இயந்திரத்தின்மேல் வைத்த காதலால், ஃபெலிக்ஸ் ஊரில் இருந்த துண்டு நிலத்துக்கு ஐந்து அண்ணன்மார் இருந்ததால்.

இப்படி இருக்கும்போதுதான் நாடு நீர்மூழ்கிக் கப்பல் வாங்கத் தீர்மானித்தது. ஊர் ஊராக உண்டியல் குலுக்கினார்கள்; பள்ளிப் பிள்ளைகள்கூடப் பழைய இரும்பு பொறுக்கிக் கொடுத்தன. இங்கிலாந்தில் கப்பல் கட்டத் தொடங்கியாயிற்று. அதை ஓட்டப்போகிறவர்கள் அங்கேயே போய் இருந்து பழக வேண்டும். ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஒரு ஆள், இருப்பதிலேயே சிறந்த ஆள், முப்பது வயதுக்கு உட்பட்டவன் வேண்டும் என்று உத்தரவு வந்தது. திரும்பி வரும்போது பதவி, தாலினில் குடும்பத்தோடு இருக்க வீடு.

பிரீதுவுக்கு வருகிற கிறிஸ்துமஸோடு முப்பது முடிகிறது. இது போனால் வேறு இல்லை. தீவில் நெசவாலையில் வேலை பார்க்கிற சல்மே என்ற பெண்ணுக்கு மோதிரம் போட்டு, ‘பதவி வரட்டும், வீடு வரட்டும்’ என்று அவளையும் காக்க வைத்திருந்தான். உத்தரவு வந்த அன்று சமையல்கட்டுக்கு ஓடிவந்து என்னைத் தூக்கியே சுற்றிவிட்டான். நானோ லேசான ஆள் இல்லை.

மறுநாள் கேப்டன் உடைந்த குவளையோடு என்னிடம் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“சமையக்காரரே, சிறந்த ஆளை அனுப்பணுமாம்.”

“பிரீதுதான் ஐயா. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“அவன்தான். சந்தேகமே இல்ல.” காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். “ஆனா அவனை அனுப்பினா ஒரு சிக்கல் இருக்கு.”

“என்ன சிக்கல் ஐயா?”

“அவன் போயிடுவானே!”

எனக்கு விளங்கிவிட்டது. அன்று மாலையே கொட்டகைக்குப் போனேன். “தம்பி, நான் சொல்றதைக் கேளு. இந்தக் கப்பலை விட்டு இதுவரைக்கும் எது வெளியே போயிருக்கு? ஓட்டை, உடைசல், ஒண்ணுக்கும் ஆகாதது. நல்லது எதாவது போயிருக்கா?”

“இல்லண்ணே.”

“அப்போ நீ போகணும்னா என்ன பண்ணணும்? கெட்டுப் போகணும்.”

“அய்யோ, எனக்கு அது பழக்கமில்லையேண்ணே.”

“ஃபெலிக்ஸைப் பாத்துக் கத்துக்கோடா.”

மறுநாளிலிருந்து பிரீது கெட்டுப்போகத் தொடங்கினான். ஹீயுமாக்காரன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். காவல் நேரத்தில் குறட்டை விட்டான். இடது கையால் சல்யூட் வைத்தான். என் பட்டாணி சூப் அண்டாவுக்குள் தொப்பியைப் போட்டான். நட்டநடுப் பகலில், எல்லாரும் பார்க்க, படகுத்துறையிலிருந்து நேராக நடந்து தண்ணீருக்குள் போய் விழுந்தான். மேலே இழுத்தபோது “இங்கே ஒரு பாலம் இருந்துச்சே” என்றான். நான் உள்ளே சிரித்து, வெளியே தலையில் அடித்துக்கொண்டேன். கேப்டன் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

“பாத்தியா, பிள்ளையை ரொம்ப உழைக்க விட்டுட்டோம்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“அவன் ஒரு வேலையும் செய்யலையே ஐயா!”

“அதைத்தான் சொல்றேன். காத்திருக்கிறதைவிடப் பெரிய உழைப்பு உண்டா? தினமும் ரெண்டு வேளை சூடாப் பால் கொடு. கொட்டகைக் கதவுல காத்து வராம அடைச்சு வை.”

இங்கிலாந்துக்கு ஃபெலிக்ஸின் பெயர் போனது.

ஃபெலிக்ஸ் என் சமையல்கட்டில் வந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். “அண்ணே, தண்ணிக்கு மேல இருந்தாலே எனக்கு வெளியே வருது. உள்ளேயே போகச் சொல்றாங்களே! நான் என்ன பாவம் பண்ணினேன்?”

பிரீதுதான் அவனுக்குத் துணி மடித்து, பெட்டி கட்டி, தன் கம்பளிக் காலுறைகளையும் கொடுத்து அனுப்பினான். “அழாதடா. அங்கே போய் ‘ஸ்ஸ்ஸ்’னு வாயால சொல்லிடாதே, அவனுக நிஜமாவே சுடுவானுக,” என்று கேலி பேசினான். அவனை ஏற்றிய கப்பல் போன பிறகு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. கேப்டன்மேல் அல்ல, அவருடைய நல்ல மனசின்மேல். கெட்டவனாக இருந்தால் ஒரு குத்தாவது விட்டிருக்கலாம்.

விஷயம் தெரிந்து சல்மே அடுத்த தபால் படகிலேயே வந்து இறங்கினாள். குள்ளமான பெண், தறியில் உரம் ஏறிய கை. நேராகக் கேப்டன் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, எங்க ஆளை எதுக்கு வச்சிருக்கீங்க?”

“தேவைப்படும்மா.”

“எனக்கும்தான் தேவைப்படுது. இப்போ.”

சத்தம் கேட்டுப் பிரீதுவும் வந்துவிட்டான். அவள் பிரீதுவின் பக்கம் திரும்பினாள். “நல்லாக் கேட்டுக்கோ. நான் ஒண்ணும் உங்க கேப்டனோட புதுக்கொடி இல்ல, பெட்டிக்குள்ள மடிச்சு வைக்க. உன் ஒப்பந்தம் அடுத்ததுக்கு அடுத்த யோவான் திருநாளோட முடியுதில்ல? அன்னைக்கு ராத்திரி எங்க ஊர்ல மூட்டுற திருநாள் நெருப்புக்குப் பக்கத்துல நீ நிக்கணும். நிக்கலைன்னா அந்த நெருப்பிலேயே மோதிரத்தைப் போட்டுடுவேன்.”

அவள் படியிறங்கிப் போகும்வரை கேப்டன் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரீதுவிடம் சொன்னார்: “நல்ல பொண்ணு. பத்திரமா வச்சுக்கோ.”

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அந்தக் கஞ்சி மேலும் ஆறியது. பிரீது முப்பதைத் தாண்டினான். கடைசியில் ஒரு கோடைக் காலையில், யோவான் திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால், இங்கிலாந்திலிருந்து நீர்மூழ்கிகள் வந்து சேர்ந்தன. தாலின் துறைமுகத்தில் எள் போட இடமில்லை. பாண்டு வாத்தியம், பூச்செண்டு, தொப்பி தூக்கிய பெரிய மனிதர்கள். முதல் நீர்மூழ்கியின் முதுகில், கன்னம் உப்பி, நெஞ்சு நிமிர்த்தி, வாயில் புகைக்குழாயோடு நின்றவன் யார்? நம் ஃபெலிக்ஸ். கடலுக்கு அடியில் அலை கிடையாதாம். போன முதல் நாளே குமட்டல் நின்றுவிட்டதாம். பயிற்சியில் டார்பிடோப் பிரிவில் அவன்தான் முதலாவதாம். கொட்டகையில் கேட்ட பாடம்!

அன்றைக்குத்தான் எங்கள் கேப்டன் ஒரு முடிவுக்கு வந்தார். கண்கள் மின்ன, “தேவை வந்துடுச்சு,” என்றார். “பெட்டிகளைத் திற!”

திறந்தோம்.

முதலில் புதுக்கொடி. மடிப்பு விரித்துக் கம்பத்தில் ஏற்றினோம். கேப்டன் சல்யூட் வைத்தார். காற்று ஒரு தட்டுத் தட்டியது. தையல் முழுக்க எப்போதோ பூச்சி அரித்திருக்கிறது. நீலப் பட்டை ஒரு பக்கம் பறந்தது, வெள்ளைப் பட்டை ஒரு பக்கம் பறந்தது, நடுவிலிருந்த கறுப்பு மட்டும் கம்பத்தில் நின்று படபடத்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை, “அம்மா, கொள்ளைக்காரக் கப்பல்!” என்று கத்தியது. அடுத்து தலைமையகத் தளபதியின் படகு எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. முதல் தரச் சணல் கயிற்றால் கட்டினோம். வருஷக்கணக்கில் தார்ப்பாய்க்குள் காற்றில்லாமல் புழுங்கி உள்ளுக்குள்ளே மக்கியிருந்த கயிறு, சத்தமில்லாமல் இரண்டாகப் போனது. தளபதி சல்யூட் வைத்த கையை இறக்காமலே மெல்ல மெல்லத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார். கிழட்டுக் கயிற்றை வீசித்தான் அவரைத் திரும்ப இழுத்தோம். பொன் விளிம்புக் கோப்பையில் நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இதில் எதற்கு அந்துருண்டை?”

பாவம், தளபதியும் நல்ல மனிதர். கோபத்தை அடக்கிக்கொண்டு, “போகட்டும், ஒரு டார்பிடோ விட்டுக் காட்டுங்கள், மக்கள் பார்க்கட்டும்,” என்றார்.

கேப்டனின் முகம் வெளிறியது. “ஐயா... அது நிஜத் தேவைக்கு...”

“இன்னைக்குத்தான் தேவை.”

கொட்டகையிலிருந்து கொண்டுவந்தார்கள். பிரீது குழாயருகே மண்டியிட்டான். கொடி கிழிந்தாயிற்று, கயிறு அறுந்தாயிற்று. வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சுடாதவன் கையில் தண்ணீரையே பார்க்காத டார்பிடோ. தூரத்தில் சிவப்புத் துணி கட்டிய மிதவை ஆடிக்கொண்டிருந்தது. கேப்டன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிரீது மூடவில்லை.

தண்ணீரில் ஒரு பொத்தென்ற சத்தம். பிறகு குமிழி குமிழியாக வெள்ளைக் கோடு ஒன்று கிளம்பியது. வளையவில்லை, நெளியவில்லை. கோல் வைத்துக் கிழித்தது போல நேராகப் போய்ச் சிவப்புத் துணிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. துறைமுகமே “ஹோ!” என்று கத்தியது. நீர்மூழ்கியின் முதுகிலிருந்து ஃபெலிக்ஸ் தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் வீசிவிட்டுத் துள்ளிக் குதித்தான். வருஷக்கணக்கில் எண்ணெய் போட்ட கை பொய் சொல்லவில்லை. நான் ஒரு போர்க்கப்பலின் சமையல்காரன் என்பதை மறந்து விசும்பி விசும்பி அழுதேன்.

தளபதி திரும்பினார். “யார் இது?”

“பிரீது ஐயா,” என்றார் கேப்டன், நெஞ்சு நிமிர்த்தி.

“இவன் இங்கிலாந்து போகலையா? ஏன் இவனை அனுப்பல?”

கேப்டன் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன். வெட்கமில்லை, தயக்கமில்லை, ஒரு தகப்பனின் பெருமை மட்டும்தான் இருந்தது: “எங்க கப்பல்லயே சிறந்த ஆள் ஐயா இவன். அதனாலதான் அனுப்பல.”

தளபதி பிரீதுவின் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்தபடி, “வயசு தாண்டிடுச்சு தம்பி. இடமும் நிரம்பிடுச்சு,” என்றார். பிரீது, “தெரியும் ஐயா,” என்றான். மிதந்துகொண்டிருந்த டார்பிடோவைப் படகில் இழுத்து வந்தார்கள். கேப்டன் ஓடிப்போய்த் தன் கைக்குட்டையால் அதன் ஈரத்தைத் துடைத்தார். “அய்யோ, நனைஞ்சிருச்சே!” என்றார்.

யோவான் திருநாள் அன்று காலையில் பிரீது மூட்டையைக் கட்டினான். கேப்டன் படியில் வழிமறித்து நின்றார். “இப்போ போறியேடா! உன் முறை வர்ற நேரத்துல! உனக்காகத்தானே எல்லாத்தையும் வச்சிருந்தேன்!”

“நீங்க துடைச்சீங்களே, அந்த டார்பிடோ,” என்றான் பிரீது, “அது போறதுக்குன்னு செஞ்சது ஐயா. விட்டீங்க, போச்சு. நான் எதுக்குன்னு செஞ்சது?”

பிரீது என் சமையல்கட்டுக்குள் வந்தான். துணி போட்டு மூடியிருந்த இன்றைய ரொட்டியை, ஆவி பறக்கிறதை, அப்படியே எடுத்து, இரண்டாகப் பிய்த்து, ஒன்றை என் கையில் வைத்தான். இன்னொன்றைக் கடித்துக்கொண்டே படியிறங்கிப் போனான். அன்று ராத்திரி அவன் தீவில் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றான், மோதிரம் பிழைத்தது. இப்போது அவன் ஒரு சரக்குப் பாய்மரக் கப்பலில் கல்லும் மரமும் ஏற்றுகிறான். டார்பிடோவை அவனைவிட நன்றாக அறிந்தவன் இந்த நாட்டில் இல்லை. கல்லுக்கும் மரத்துக்கும் அது தேவைப்படுவதில்லை.

கேப்டன் என்ன ஆனார் என்கிறீர்களா? திருந்தினாரா? நீங்கள் வேறு! அன்று மாலையே வந்து, “இன்னைக்கு ரொட்டியில ஒண்ணு குறையுதே?” என்று கேட்டார். பிரீது படுத்திருந்த கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, மேலே துணி மூடி, “அவன் திரும்பி வந்தா தேவைப்படும்” என்று யாரையும் உட்கார விடாமல் வைத்திருக்கிறார். இடமில்லாமல் புதுப் பையன்கள் தரையில் படுக்கிறார்கள். அதில் ஒரு பையன் கெட்டிக்காரன் போலிருக்கிறது. கேப்டன் அவனை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று நினைக்கிறீர்கள். சந்தோஷம். எழுந்துபோய் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அந்தக் கோப்பைகளில் கடைசியாகக் காப்பி குடித்தது யார்? விருந்தாளிக்கு என்று வைத்த விரிப்பில் எந்த விருந்தாளி படுத்தான்? உங்களிடம் வேலை பார்க்கிற கெட்டிக்காரனை ‘இவன் இல்லாவிட்டால் நடக்காது’ என்று சொல்லி எத்தனை முறை நிறுத்தி வைத்தீர்கள்? இதையெல்லாம் நான் கேட்கவில்லை, எனக்கெதற்கு ஊர் வம்பு. ஒன்றே ஒன்று. இதைப் படித்து முடித்ததும், “அட, நன்றாயிருக்கிறதே, அவருக்குக் காட்ட வேண்டும், ஒருநாள் தேவைப்படும்” என்று கத்தரித்து, மடித்து, பத்திரமாக எடுத்து வைக்க உங்கள் கை கத்தரிக்கோலைத் தேடினால், கேப்டன் ஐயா, வணக்கம். ரொட்டி ஆறிக்கொண்டிருக்கிறது.